ஃபைல் ஆட்டம், ஏழாம் விரிவாக்கப் பதிப்பு

திண்டுக்கல் நாகல் நகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சகாயசெல்வி ஒரு புது மெஷின் வாங்கினாள். அதை ஓட்ட த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும். த்ரீ பேஸுக்குத் தடையில்லாச் சான்று வேண்டும். சான்றுக்குத் தடையின்மை ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, உலகத்தில் எல்லாம் முறைப்படிதான் நடக்கிறது. மெஷினுக்குத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு அவளும் எட்டு மாதமாக நடந்தாள். வைகாசி முகூர்த்தத்துக்குள் மெஷின் ஓடவில்லையென்றால் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் எல்லாரும் மதுரைக்குப் பஸ் ஏறிவிடுவார்கள், கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அந்த அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான் அவள் ஃபைல் ஆட்டத்தைக் கண்டுபிடித்தாள். பின்னே, எட்டு மாதம் மனுஷி சும்மாவா உட்கார்ந்திருப்பாள்? பத்திரிகை வெட்டிய மிச்ச அட்டைகள் பையில் இருந்தன. நாற்பது சீட்டு வரைந்தாள்.

ஆட்டம் சுலபம். நாலு பேர் உட்கார வேண்டும். மனுதாரர் சீட்டு யாருக்கு விழுகிறதோ அவர் தனி, மற்ற மூவரும் ஆபீஸ். கையிலிருக்கும் சீட்டு தீர்வதற்குள் மனு ஐந்து மேஜையைத் தாண்டினால் மனுதாரர் ஜெயித்தார், தாண்டாவிட்டால் ஆபீஸ் ஜெயித்தது. ஆபீஸ்காரர்கள் கிளார்க், கண்காணிப்பாளர் என்று சீட்டுப் போட்டு மறிக்கலாம். மனுதாரரிடம் ‘எழுதிக் குடுங்க’ என்று ஒரு சீட்டு உண்டு. ‘முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் குடுங்க’ என்று அதைப் போட்டால் எந்த அலுவலரும் பின்வாங்கியாக வேண்டும். பாதி ஆட்டம் அவர் ஜெயிப்பார், பாதி இவர்கள். அம்புட்டு நேர்த்தி!

பெஞ்சிலிருந்து டீக்கடைக்குப் போயிற்று. டீக்கடையிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட் லாரிகளில் ஏறி கேரளா வரைக்கும் போயிற்று. பழைய மெஷினில் கட்டுக் கட்டாக அடித்தும் பத்தவில்லை. கடைசியில், யாரைப் பார்த்து வரைந்தாளோ அவர்களே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட ஆரம்பித்தார்கள். வினை அங்கேதான் பிடித்தது.

ஒருநாள் கண்காணிப்பாளர் மலைச்சாமி அவளைக் கூப்பிட்டார். எட்டு மாதத்தில் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

“ஏம்மா, இந்தச் சீட்டு அடிக்கிறது நீதானா?”

“ஆமா சார்.”

“கண்காணிப்பாளர் சீட்டுக்கு ஒரு பலம், கிளார்க் சீட்டுக்கு ரெண்டு பலமா? நேத்து ஆட்டத்துல கிளார்க் சீட்டு என்னை அடிச்சுருச்சு. இன்னைக்கு நான் உள்ள வாரேன், எங்க கிளார்க் எந்திரிக்கவே இல்ல!”

“அது சும்மா விளையாட்டு சார்.”

“என்னம்மா விளையாட்டு? முப்பது வருஷ சர்வீஸு!” என்றவர் ஒரு தாளை நீட்டினார். ‘பொருள்: சீட்டாட்டம் – பதவிக்குரிய பலம் வழங்கக் கோருதல் – தொடர்பாக’ என்று தட்டச்சு செய்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் ஒருவர் மனுக் கொடுத்தார்.

அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. “செஞ்சுரலாம் சார். என் ஃபைலும் உங்க மேஜையில ரொம்ப நாளா கிடக்கு.”

மறுவாரம் முதல் விரிவாக்கப் பதிப்பு வெளிவந்தது. அதில் கண்காணிப்பாளருக்கு ‘இருக்கையில் இல்லை’ என்ற புதுப் பலம். இருக்கையிலேயே இல்லாதவரை எந்தச் சீட்டால் அடிக்க முடியும்? முதல் கையெழுத்து விழுந்தது.

சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? ஆளுக்கொரு மனுவோடு வந்தார்கள். கணினிப் பிரிவுக்கு ‘சர்வர் டவுன்’: போட்டால் அந்தச் சுற்று முழுக்க எல்லாரும் சும்மா இருக்க வேண்டும். பதிவறைக்கு ‘விவரம் கேட்டுத் திருப்பப்படுகிறது’: மனு முதல் மேஜைக்கே திரும்பிவிடும். ஒருவருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’: ஒரே ஆள் இரண்டு நாற்காலிக்கும் உரியவர், இரண்டிலும் இருக்க மாட்டார். இன்னொருவருக்குக் ‘கால நீட்டிப்பு’: தீர்ந்துபோன சீட்டையெல்லாம் மறுபடி அள்ளிக்கொள்ளலாம். ஆறாவது ஆள் ‘எழுதிக் குடுங்க’ சீட்டையே பிடித்துக்கொண்டார். இனி மனுதாரர் அதைப் போட்டால், “நீங்க எழுதிக் குடுங்க” என்று அலுவலர் திருப்பிச் சொல்லலாம். ஆறு பதிப்பு, ஆறு கையெழுத்து.

அவள் புருஷன் ஞானதாஸ் ஒவ்வொரு பதிப்பையும் மனுதாரராக உட்கார்ந்து ஆடிப் பார்ப்பார். அவர் முகம் நாளுக்கு நாள் சுண்டிப்போயிற்று.

“செல்வி, ஆட்டம் கெட்டுப்போச்சு. முன்னாடி பாதிக்குப் பாதி ஜெயிச்சேன். இப்ப நாப்பது ஆட்டத்துல ரெண்டு. அந்த ரெண்டும் எதுக்க ஆடுனவுக தூங்கிட்டாக.”

“மனுதாரருக்கு ‘சிபாரிசு’ன்னு ஒரு சீட்டு குடுத்தேனேங்க?”

“குடுத்த. ஆபீஸுக்கு ‘மேலிடத்துச் சிபாரிசு’ன்னு ஒண்ணையும் சேத்துக் குடுத்தியே!”

“மெஷின் ஓடட்டும்ங்க. ஓடுன அன்னைக்கே அம்புட்டையும் சரி பண்ணிருவேன். அந்தோணியார் மேல சத்தியம்.”

ஏழாவது கையெழுத்து சூர்யகலா மேடத்துடையது. மேடம் நேர்மையானவர், சீட்டுக் கேட்கவில்லை. குழுதான் கேட்டார். ‘சீட்டுச் சமநிலை ஆய்வுக் குழு’ அமைத்து, தானே தலைவராகி, நாகல் நகர் மண்டபமொன்றில் இருபத்தைந்து மேஜை போட்டுப் போட்டி வைத்தார்.

“சமநிலை இல்லேன்னு தெரிஞ்சா ஃபைலைத் திருப்பிருவேன், பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டார்.

காலை பத்து மணிக்குத் தொடங்கியது. பதினோரு மணிக்கு ஒரு மேஜையிலும் ஆட்டம் முடியவில்லை. ஒரு மணிக்கு எல்லா மேஜையிலும் சர்வர் டவுன். சாயங்காலம் நாலு மணிக்கும் இருபத்தைந்து மனுவும் முதல் மேஜையிலேயே கிடந்தது. ஒரு மனுதாரர் அழுதேவிட்டார். தொலைந்தோம் என்று அவள் ஓரமாக நின்று ஜெபமாலையை உருட்டினாள்.

சூர்யகலா மேடம் ஒலிபெருக்கியைத் தட்டிப்பார்த்து அறிக்கை வாசித்தார்: “இப்போட்டியில் எந்த அலுவலரும் தோற்கவில்லை. எந்த மனுதாரரும் தோற்கவில்லை. அன்னாரின் மனுக்கள் பரிசீலனையில் உள்ளன. யாரும் தோற்காத நிலையே முழுமையான சமநிலை என இக்குழு கருதுகிறது.”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மேடம் ஏழாவது கையெழுத்தை அங்கேயே போட்டார். குழுவின் நினைவாக ‘ஆய்வுக் குழு’ என்ற சீட்டோடு ஏழாம் பதிப்பு வந்தது.

மெஷின் ஓடியது! தார்ப்பாயை எடுத்த அன்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாகச் சத்தியத்தைக் காப்பாற்றினாள். தடுக்கிற சீட்டையெல்லாம் தூக்கி எறிந்து, மூன்றே சுற்றில் மனு வெளியே வருகிற ‘நியாயப் பதிப்பு’ அடித்தாள். ஊரே கொண்டாடும் என்று ஐந்தாயிரம் கட்டு.

ஒன்றுகூட விற்கவில்லை. பத்தாம் நாள் ஒட்டன்சத்திரத்து வெங்காய வியாபாரி பாண்டி வந்து, விற்க எடுத்துப்போயிருந்த நூறு கட்டையும் திருப்பி மேஜைமேல் வைத்தார்.

“ஏனுங்கம்மா, இதென்னங்க ஆட்டம்? போன உடனே சீல் வெச்சுக் குடுக்கறானுங்க. நம்பற மாதிரியே இல்லீங்களே!”

“மனுதாரர் ஜெயிக்கணும்னுதானே அண்ணே அடிச்சேன்?”

“அவரு ஜெயிச்சு நமக்கென்னங்க? நாள் பூரா அந்தப் பெஞ்சுலதான உக்காந்திருக்கறோம். சீட்டாடறப்பவாச்சும் செத்த நேரம் மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காரோணுமுங்க. ஏழாம் பதிப்பு இருந்தாக் குடுங்க, இருநூறு கட்டு.”

அவர் போனபிறகு அவளுக்கு மனசு ஆறவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அதில்? ஞானதாஸையும் மெஷின்காரர்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஏழாம் பதிப்பைக் கலைத்துப் போட்டாள். ஞானதாஸுக்கு வழக்கம்போல மனுதாரர் விழுந்தது. அவளுக்குக் கண்காணிப்பாளர். இருக்கையில் இல்லை என்றாள். சர்வர் டவுன் என்றாள். முதுகு தானாக நாற்காலியில் சாய்ந்தது. அடடா, என்ன சுகம்!

அந்நேரம் பார்த்து, பத்திரிகை அடித்து வாங்கிப்போன சொர்ணலட்சுமி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். “யக்கா, பத்திரிகையில மாப்பிள்ளை பேரு தப்பா விழுந்திருக்கு. வியாழக்கிழமை கல்யாணம்க்கா. அண்ணன்கிட்டச் சொல்லி இப்பவே மாத்திக் குடுங்கக்கா.”

சகாயசெல்வி சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அண்ணன் சீட்ல இல்லம்மா. எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு வா.”

எதிரே உட்கார்ந்திருந்த ஞானதாஸ், கையிலிருந்த மனுதாரர் சீட்டை ஒருமுறை பார்த்தார், பெண்டாட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு சொர்ணலட்சுமி உட்கார பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.