சம்பளக் கழிவு

பூமியில் பொய்யே புழங்காத இடம் ஒன்று உண்டென்றால் அது இணையம்தான். அதிலும் சம்பள விஷயத்தில் மனித குலம் இவ்வளவு மனம் திறந்து பேசிய காலம் வேறெதுவும் இல்லை. நம் முன்னோர்கள் சம்பளத்தைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் மடியில் முடிந்து வைத்துக்கொண்டு செத்துப்போனார்கள். இன்றைய தலைமுறையோ முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம், யாரும் கேட்காமலேயே, படத்தோடு சொல்கிறது. இந்த வாய்மை யுகத்துக்கு ஒரு தலைநகரம் வேண்டுமென்றால் கந்தர்வக்கோட்டையைத் தாராளமாக அறிவிக்கலாம். ஏனென்றால் சந்தனம் அங்கேதான் இருக்கிறார்.

சந்தனம் முந்திரி வியாபாரி. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி கொட்டையை அள்ளி, காதோரம் குலுக்கிப் பார்த்து, ஈரத்துக்கு இவ்வளவு, சொத்தைக்கு இவ்வளவு, கல் மண்ணுக்கு இவ்வளவு என்று கழிவு சொல்வார். அந்தக் கழிவை எதிர்த்து வாதாடிய விவசாயிகள் உண்டு; வென்றவர் இல்லை. எந்தப் பொருளும் சொன்ன அளவு இருக்காது என்பதே அவர் கற்ற ஒரே பாடம். அந்த ஒரு பாடத்தில் மாடி வீடு கட்டிவிட்டார்.

மகள் இலக்கியாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது இந்த ஞானம் மனிதர்கள் பக்கம் திரும்பியது. வரன் பார்ப்பதற்கென்றே அவர்கள் வகையறாவில் 'உறவுப் பாலம்' என்றொரு வாட்ஸ்அப் குழு உண்டு. அட்மின் சந்தனமேதான். குழுவின் முகப்பில் அவர் கைப்பட ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தார்: "இங்கு உண்மைத் தகவல் மட்டுமே பகிரப்படும். பொய்த் தகவல் பரப்புவோர் எவராயினும் நீக்கப்படுவர்."

அந்தக் குழுவைப் படித்தால் நெஞ்சு நிமிரும். மாதம் ஒரு லட்சத்துக்குக் கீழே வாங்கும் ஆண்பிள்ளை அந்த வகையறாவிலேயே கிடையாது. திருவிழா வரி கேட்டுப் போகும்போது மட்டும் இந்த லட்சாதிபதிகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம். பெண்பிள்ளைகளோ என்ன படித்தாலும் முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டுவதே இல்லை. அது அடக்கம்.

இலக்கியாவும் அப்படித்தான் அடக்கப்பட்டிருந்தாள். மாடி அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் அவளுக்குப் பிடித்தமெல்லாம் போகக் கையில் வருவது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். குழுவில் சந்தனம் போட்டது முப்பத்திரண்டாயிரம்.

"இது பொய் இல்லையாப்பா?" என்று கேட்டாள்.

"பொய்யா? கழிவும்மா. மாப்பிள்ளைய விட பொண்ணு கூட வாங்குதுன்னு தெரிஞ்சா எவன் பஸ் ஏறி வருவான்?"

ஆண்கள் போடும் சம்பளத்தை அலசிப் பார்க்க அவர் 'சம்பள மெய்மைக் குழு' ஒன்றையும் நிறுவினார். தலைவர் சந்தனம். செயலாளர், அவருடைய மச்சினன் பிச்சை. மாட்டுத் தரகராக இருந்து முட்டிவலியால் ஓய்வு பெற்றவர். வேறு உறுப்பினர்கள் இல்லாததால் தீர்மானங்கள் அனைத்தும் ஏகமனதாக நிறைவேறின. கூட்டம் மண்டியில், மூட்டைகளின் மேல் நடக்கும்.

சென்னையில் வேலை பார்க்கும் தமிழ்செல்வன் என்ற வரனைக் குழு விசாரித்த விதத்தை மட்டும் சொன்னால் போதும். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"தம்பி, ஒன்றரை லட்சம்னு போட்டிருக்கீங்க."

"ஆமா அங்கிள். இன்சென்டிவ் தனி."

"சந்தோசம். ரூம்ல எத்தன பேரு தங்கியிருக்கீங்க?"

"ஆறு பேரு. அதாவது, ஃப்ரெண்ட்ஸ்லாம் சும்மா ஒன்னா இருக்கணும்னு..."

"கட்டிலா, பாயா?"

மறுமுனையில் ஒரு லாரி ஹாரன் மட்டும் கேட்டது.

"பாய்," என்று சந்தனம் தீர்ப்புச் சொன்னார். ஒன்றரை லட்சம் அந்த இடத்திலேயே காய்ந்து இருபத்திரண்டாயிரமாகச் சுருங்கியது.

இப்படியே கழிவுகள் வளர்ந்தன. காரில் சாய்ந்து நிற்கும் படத்துக்குக் கார்க் கழிவு. கார் வாடகைக்கு ஓடும் மஞ்சள் நம்பர் பலகையோடு இருந்தால் இரட்டைக் கழிவு. "பணிவுடன் பகிர்ந்துகொள்கிறேன்" என்று தொடங்கும் பதிவுக்குப் பணிவுக் கழிவு. எல்லாக் கழிவிலும் அதுதான் பெரிது. கழித்துக் கழித்துக் கடைசியில் மாப்பிள்ளை என்று எவனும் மிஞ்சவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இலக்கியா சொல்லிவிட்டாள். "அப்பா, இன்னும் ஒருத்தரக் கழிச்சீங்க, நான் பெங்களூரு ஆபீசுக்கு மாத்திக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் வரன், கிரன்னு யாரும் எனக்குப் போன் பண்ணக் கூடாது."

"அவ போனா நானும் கூடப் போறேன்," என்றாள் அம்மா அமிர்தவல்லி, ரசத்தை ஊற்றியபடி. "நீங்க ஒங்க மச்சினனோட இந்த மூட்டையெல்லாம் பாத்துக்கிட்டு இருங்க."

சந்தனத்துக்கு ரசம் இறங்கவில்லை. ஒரே மகள்.

அந்த வாரம்தான் அரிமளத்திலிருந்து ஒரு வரன் குழுவில் விழுந்தது. பெயர் வெற்றிசெல்வன். திருச்சியில் தனியார் கம்பெனியில் என்ஜினியர். "சம்பளம்: கையில் வருவது 58,400. வீட்டுக் கடன் உண்டு. கார் இல்லை. முன்னந்தலையில் முடி குறைந்து வருகிறது. இந்தப் படம் இரண்டு வருடத்துக்கு முந்தையது."

மெய்மைக் குழு அவசரமாகக் கூடியது.

"மச்சான், அதென்ன நானூறு?" என்றார் பிச்சை.

"அதான் எனக்கும் இடிக்குது. அறுபதுன்னு போட்டா நம்ம கழிப்போம். செருப்புக்கடையில தொண்ணூத்தொம்பதுன்னு போடுறான் பாரு, அந்த மாதிரி நம்மள ஏமாத்தப் பாக்குறான்."

"முடி கொட்டுதுன்னு அவனே சொல்றான்னா, சொல்லாம வேற என்னென்ன கொட்டுதோ!"

"இம்புட்டு நேர்மையா எழுதுறவன் எம்புட்டுப் பெரிய பொய்யனா இருக்கணும்!"

இதுவரை இல்லாத 'நேர்மைக் கழிவு' என்ற புதுக் கழிவு அன்று பிறந்தது. அளவு, சரிபாதி. வெற்றிசெல்வனின் சம்பளம் இருபத்தொன்பதாயிரத்து இருநூறு என்று தீர்மானமாகி, கோப்பு மூடப்படும் நேரத்தில் இலக்கியா போனும் கையுமாக மண்டிக்குள் வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இவர்தான். நேத்தே பேசிட்டேன். முடியப் பத்தி எழுதியிருக்காரு பாருங்க, அந்த எடத்துலயே எனக்குப் புடிச்சுப்போச்சு."

பெங்களூரு ஞாபகம் வந்தது. சந்தனம் கோப்பைத் திறந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் பஸ் மாறி வெற்றிசெல்வனும் அவன் அப்பா ஆண்டிச்சாமியும் வந்து இறங்கினார்கள். பையன் படத்தைவிடச் சற்று வழுக்கையாகவே இருந்தான்; அவன் எழுதியதில் குழுவால் சரிபார்க்க முடிந்த ஒரே விஷயம் அதுதான். ஆண்டிச்சாமி ஆட்டு வியாபாரி. சந்தனம் வீட்டில் ஒரு வழக்கம்: சம்பந்தம் முடிவாகும்வரை தட்டில் உடைந்த பருப்புதான் வைப்பார்கள். முடிவானால் முழுப் பருப்பு. உடைந்த பருப்பு வந்தது.

சந்தனம் தொண்டையைச் செருமினார். "குழுவுல அம்பத்தெட்டுன்னு பாத்தோம். முடிவா என்ன?"

"முடிவான்னா?" என்றான் வெற்றிசெல்வன்.

"சொன்னது இருக்கட்டும். குடுக்குறது?"

பையனுக்குப் புரியவில்லை. ஆண்டிச்சாமிக்குப் புரிந்துவிட்டது. அதுவரை விருந்தாளியாகக் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்திருந்தவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிச்சை தோளிலிருந்த பச்சைத் துண்டை எடுத்து நீட்டினார். துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் போயின. மாட்டுச் சந்தையில் வெளியாள் காதில் விழாமல் விலை பேசுவது அப்படித்தான். விரல் விரலைப் பிடிக்கும், வாய் பேசாது. துண்டுக்கு மேலே ஒரு முகம் மின்விசிறியையும் இன்னொரு முகம் காலண்டரையும் பார்த்துக்கொண்டிருந்தன.

"அப்பா, என்ன பண்றீங்க?" என்றான் வெற்றிசெல்வன்.

"ஒன் சம்பளத்தப் பேசிக்கிட்டு இருக்கேன். செத்த சும்மா இரு."

"அது மாசாமாசம் பேங்க்ல வருதுப்பா!"

"பேங்க்ல வர்றது வேற, சபையில வர்றது வேற. ஒனக்குத் தெரியாது." திடீரென்று ஆண்டிச்சாமி கையை உதறினார். "என்னங்க இது, முப்பதா? வளத்த பாவத்துக்காவது பாத்துக் கேளுங்க!"

"நீங்க எறங்குங்க, நான் ஏறுறேன்," என்றார் பிச்சை. ஓய்வுபெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை.

கைகள் மறுபடி துண்டுக்குள் போயின. இரண்டு பேரும் வேர்த்தார்கள்.

"நாப்பத்தொன்னு. இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது," என்று ஆண்டிச்சாமி கையை எடுத்தார்.

வெற்றிசெல்வனின் மாதச் சம்பளம் நாற்பத்தோராயிரம் என்று இரு குடும்பத்தாரும் மனமொத்து முடிவு செய்தனர். அவன் வேலை பார்க்கும் கம்பெனிக்கு மட்டும் தகவல் தெரிவிக்கப்படவில்லை. பதினேழாயிரத்துச் சொச்சம் இறக்கிய பெருமையோடு சந்தனம் மீசையைத் தடவினார்.

ஆனால் ஆண்டிச்சாமி துண்டைத் திருப்பித் தரவில்லை. "இப்பப் பொண்ணு," என்றார்.

"பொண்ணா?"

"முப்பத்திரண்டுன்னு போட்டிருந்தீங்க. பொண்ணு வீட்டுல எப்பவும் எறக்கித்தான போடுவாங்க. நான் இன்னிக்கு நேத்தா ஆடு வாங்குறேன்? ஏறுங்க."

துண்டுக்குள் கை போனால் பிச்சைக்கு உறவு மறந்துவிடும். பழக்க தோஷத்தில் ஏறத் தொடங்கினார். முப்பத்து நான்கு. முப்பத்தேழு. சந்தனத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்ணின் சம்பளம் மாப்பிள்ளையின் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. மாப்பிள்ளையை ஐம்பத்தெட்டிலேயே விட்டிருந்தால் மேலே எவ்வளவோ இடம் இருந்திருக்கும். தாமே இறக்கி வைத்த கூரை இப்போது தம் தலையிலேயே இடித்தது.

"முப்பத்தொம்பது!" என்று கத்திவிட்டார். "அதுக்கு மேல ஒரு ரூபா கெடையாது! என் மகளுக்கு அதுக்கு மேல எவனும் குடுக்க மாட்டான்!"

சொந்தச் சரக்கை வாழ்நாளில் ஒருமுறைகூட மட்டமாகப் பேசியறியாத வாய் அது.

இலக்கியா காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு லட்சத்துப் பத்தாயிரம்," என்றாள்.

முதலில் ஆண்டிச்சாமிதான் சிரித்தார். "பாப்பா தமாசாப் பேசுது."

"ஆன்லைன்ல வேல பாக்குற புள்ளைல்ல," என்றார் பிச்சை அவசரமாக. "எல்லாக் கழிவும் போட்டா அந்த முப்பத்தொம்பதுதான் நிக்கும்."

வெற்றிசெல்வன் மட்டும் சிரிக்கவில்லை. "மொத்தமாவா, பிடித்தம் போகவா?" என்று கேட்டான்.

"பிடித்தம் போக."

"அப்ப வீட்டுக் கடன் அஞ்சு வருசத்துல முடிஞ்சிரும்."

"நாலு. நான் போட்டுப் பாத்துட்டேன்."

ஆண்டிச்சாமி மகன் பக்கம் குனிந்து, ஊருக்கே கேட்கும் ரகசியக் குரலில், "ஏய், ஒன்ன விடக் கூடடா. ஒனக்குப் பரவால்லையா?" என்றார்.

"கடன் கட்டுறது நான்ப்பா."

அந்த நியாயம் ஆண்டிச்சாமிக்கு முழுசாகப் பிடிபட்டது. துண்டை உதறி மடித்துப் பிச்சையின் தோளிலேயே போட்டார். அமிர்தவல்லி யாரையும் கேட்கவில்லை. உடைந்த பருப்புத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தட்டில் முழுப் பருப்பு இருந்தது.

சந்தனத்துக்கு மகள் தங்கினாள். இனி மானம் தங்க வேண்டும். அன்றே மண்டியில் மெய்மைக் குழுவின் கடைசிக் கூட்டம் நடந்தது. பெண்டாட்டியைவிடக் குறைவாக வாங்கும் மாப்பிள்ளை என்று ஊர் சொல்லிவிட்டால்? ஆழ்ந்த விவாதத்துக்குப் பிறகு பிச்சைக்குத்தான் வழி தோன்றியது. உறவுப் பாலத்தில் அறிவிப்பு வந்தது, கல்யாண மண்டப வாசலில் வைக்கப்போகும் ஃபிளெக்ஸுக்கும் அதே வாசகம் போனது: "மணமகன் வெற்றிசெல்வன், பி.இ., மாத வருமானம் 1,68,400. மணமகள் இலக்கியா, பி.இ., குடும்பப் பாங்கு."

"என்னப்பா இது?" என்று மாடியிலிருந்து இறங்கி வந்தாள் இலக்கியா.

"கூட்டிப் பாரும்மா. ரெண்டு சம்பளமும் சேந்து சரியா அம்புட்டுத்தான வருது? ஒரு பைசா பொய் இல்ல. அங்கிட்டு இருந்தத எடுத்து இங்கிட்டு வச்சிருக்கோம், அம்புட்டுத்தான்."

வாழ்த்துகள் குவிந்தன. கைகூப்பும் படங்களும் மாலைகளுமாக உறவுப் பாலம் நிரம்பி வழிந்தது. அப்போது மணமக்கள் இருவரும் ஆளுக்கொரு திருத்தம் போட்டார்கள். அவன் போட்டது, "எனக்கு 58,400." அவள் போட்டது, "எனக்கு 1,10,000."

குழு கொந்தளித்தது. "மாப்பிள்ளை போனை யாரோ ஹேக் பண்ணிட்டானுக" என்றார் ஒருவர். "கல்யாண நேரத்துல இப்படியா வெளையாடுறது" என்றார் ஒரு பெரியம்மா. "இத்தகைய பொய்த் தகவல்கள் நம் வகையறாவின் நற்பெயரைக் கெடுப்பவை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்" என்று ஒன்றரை லட்சம் தமிழ்செல்வன் எழுதினார். அதற்கு நாற்பது பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

எல்லோரும் அட்மினைக் கேட்டார்கள்: முகப்பில் போட்ட சட்டம் ஊருக்கு மட்டும்தானா, மகளுக்கு இல்லையா?

சந்தனம் போனைக் கையில் எடுத்தார். பிறகு, சொத்தைக் கொட்டையைப் பொறுக்கி எறிகிற அதே விரலால், முதலில் மருமகனையும் அப்புறம் மகளையும் நீக்கினார். மாடியிலிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒருத்தி நேரில், ஒருவன் போனில்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. ஃபிளெக்ஸ் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. உறவுப் பாலத்தில் இன்றைய தேதிக்குப் பொய் சொல்கிறவர் என்று ஒருவர்கூட இல்லை. இருந்தவர்கள் இரண்டே பேர், இருவரையும் நீக்கியாயிற்று.