பல்செட்டு மெத்தையும் 'இன்னும் ஓடும்' ஆசாமியும்

உலகத்தில் 'இன்னும் ஓடும்' என்றொரு மனித இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைப்பிடி உடைந்த குடையைக் கயிறு போட்டுக் கட்டி, வார் அறுந்த செருப்புக்கு ஊக்கு குத்தி, எழுத்தெல்லாம் அழிந்த ரிமோட்டை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி, செய்த கம்பெனிக்காரனே கைகழுவிவிட்ட பொருளையும் சாகவிடாமல் வைத்திருப்பவர்கள். கஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பொருள் தங்கள் கையில் தோற்றுப்போவதை இவர்களால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

லிஃப்ட் மாமா இந்த இனத்தில் முதல் வரிசை. ஓய்வு பெறும்வரை லிஃப்ட் சோதனை அதிகாரி. லிஃப்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இறங்கி, அதைத் தாங்குவதற்காக அடியில் வைத்திருக்கும் ரப்பரைக் கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து அழுத்துவார். நகம் பதிந்தால் கையெழுத்து. பதியாவிட்டால், ரப்பர் இறுகிவிட்டது, மாற்று என்று சிவப்புச் சீட்டு. "இன்னும் கொஞ்ச நாள் ஓடும் சார்" என்று கெஞ்சியவர்களிடம் அவர் காட்டிய முகம் இருக்கிறதே! முப்பது வருடம் அடுத்தவர் வாயில் கேட்டு எரிச்சல்பட்ட அதே வசனத்தை, ஓய்வு பெற்ற கையோடு தனக்கு எடுத்துக்கொண்டார்.

அவருடைய கீழ்ப்பல்செட்டின் அடியில், ஈறு நோகாமலிருக்க, பல் டாக்டரம்மா மெத்தென்று ஒரு பூச்சு வைத்துக் கொடுத்தார்.

"இந்த மெத்தை ஒரு வருஷம் வரும்யா. அப்புறம் மாத்திடணும்."

"அது மத்தவங்களுக்கும்மா. நான் வெச்சுக்கற விதமே வேற."

விதம் வேறுதான். மெல்லிய துணியால் துடைக்கச் சொன்னதை, துணி தேய்க்கிற பிரஷால் மூன்று வேளையும் தேய்த்தார். பச்சைத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொன்னதை, கிருமி சாகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டார். எல்லாம் ரொம்ப நாள் உழைக்க வேண்டுமே என்ற அக்கறை! அந்த அக்கறை தாங்காமல் மெத்தை பலகையாயிற்று, ஈறு புண்ணாயிற்று. மாமா அசருவாரா? மூன்றாவது வருடமும் அதையே மாட்டிக்கொண்டு, கடித்துத் தின்பதையெல்லாம் விட்டுவிட்டு மசித்ததற்கு மாறினார்.

"வயசானா இதுதான் வயித்துக்கு நல்லது" என்று மனைவிக்கு உபதேசம் வேறு.

பேசும்போதுதான் உயிர் போயிற்று. ஞாயிறுதோறும் பேத்திக்குப் போனில் கதை சொல்கிறவர், இப்போது ஹலோவோடு நிறுத்திக்கொண்டு, "சிக்னல் சரியில்ல" என்று போனை மனைவியிடம் தள்ளிவிடுவார். நாலாவது ஞாயிறு, பேத்தியின் குரல் பக்கத்தில் இருந்த அவர் காதிலும் விழுந்தது.

"பாட்டி, தாத்தாவுக்கு எம்மேல கோவமா?"

மறுநாள் காலை மாமா டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தார். அப்போதாவது வாய் சும்மா இருந்ததா?

"மெத்தை நல்லாத்தாம்மா இருக்கு. ஈறுதான் வீக்காயிடுச்சு."

டாக்டரம்மா வாதாடவில்லை. பல்செட்டைக் கழற்றச் சொல்லி, கழுவி, திருப்பி அவர் கையிலேயே வைத்தார்.

"நீங்களே பாருங்கய்யா."

பழகிய கட்டைவிரல் தானாக நகர்ந்தது. ஓர் அழுத்து. நகம் பதியவில்லை. இன்னோர் அழுத்து. ஊஹூம். யோசிப்பதற்குள், அந்தப் பொக்கை வாயிலிருந்து முப்பது வருடப் பழக்கத்தில் தீர்ப்பு வந்து விழுந்தது.

"காலாவதி. ஒடனே மாத்தணும்."

சொன்ன பிறகுதான் சிவப்புச் சீட்டு யாருக்கு என்று புரிந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. நல்ல மனுஷி.

ஈறு ஆறியதும் புது மெத்தை வந்தது. அடுத்த ஞாயிறு, விட்டுப்போன கதைகளையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் பேசினார். சிக்னல் பிரமாதம்.

மாமாவைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். நாளைக் காலையில் உங்கள் பல் பிரஷை வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை பாருங்கள். தூங்கி எழுந்த தலை மாதிரி நாலு பக்கமும் சிலுப்பிக்கொண்டு நிற்கிறதா? அதைப் பார்த்து நேற்றும் மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டீர்களே, என்ன அது?