போண்டாவைக் காப்பாற்றக் குடிகாரன் ஆனேன்

குடிகாரனாகிவிடுவது என்று நான் முடிவெடுத்தது தருமபுரியில், ஒரு டாக்டரம்மாவின் அறையில். அதுவரை காரமான ரசத்தைத் தவிர எதுவும் என் தலைக்கு ஏறியதில்லை.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கணக்கு எகிறியிருந்ததால் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்.

"குடிப்பீங்களா சார்?"

"சத்தியமா இல்லீங்க மேடம். கடத்தூர் ஸ்கூல்ல கணக்கு வாத்தியாருங்க."

"குடிக்காதவங்களுக்கும் வரும். கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. வலிக்காது, காட்டிக்காது. கவனிக்காம விட்டா தழும்பாகிச் சுருங்கலாம். இப்ப ஆரம்பம்தான், சரி பண்ணிடலாம்."

"மாத்திரை எழுதிக் குடுங்க மேடம்."

"மாத்திரை வேண்டாம். எடையக் குறைங்க, தெனமும் வேகமா நடங்க. சாயங்காலம் என்ன சாப்பிடுவீங்க?"

பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் போண்டா, தேங்காய் பன், சர்க்கரை தூக்கலாக டீ. உள்ளதைச் சொன்னேன். "மொதல்ல அத நிறுத்துங்க. வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க, அவங்க பாத்துக்குவாங்க" என்றார்.

பார்த்துக்கொள்வாள். அதுதானே பயம்! என் மனைவி அன்பரசி காதில் விழுந்தால் காலையில் களி, மாலையில் சுண்டல், நடுவில் கொள்ளு ரசம். பேக்கரி பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது. காரிமங்கலம் திரும்பும் பஸ்ஸில் மூளை வேலை செய்தது. லிவர் கெட்டது என்றாலே ஊர் குடியைத்தான் நினைக்கும். குடித்தேன் என்று ஒப்புக்கொண்டால் குடியை விடச் சொல்வாள். குடிக்காத குடியை விடுவதில் எனக்கென்ன நஷ்டம்? போண்டா தப்பிக்கும்.

"அன்பு, லிவர்ல கொழுப்பாம். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அப்பப்ப... குடிச்சிட்டேன்."

ஒப்பாரி வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பூண்டு உரிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

"எங்க குடிச்சீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல."

"என்னத்த?"

"பாட்டில்ல... செவப்பா இருந்துச்சு."

"யாரோட?"

"தனியாத்தான்."

"அடப் பாவமே. சரி வுடுங்க. நாளைக்கு முனியப்பன் கோயில்ல கயிறு கட்டிக்கலாம்."

எங்கள் பக்கம் குடியை விடுகிறவர்கள் சாமி முன்னால் சத்தியம் செய்து, பூசாரி கையால் கயிறு கட்டிக்கொள்வார்கள். அதை மீற எப்பேர்ப்பட்ட குடிகாரனும் நடுங்குவான். நானும் நடுங்குகிற ஆள்தான். ஆனால் விடப்போவது குடியைத்தானே? நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வரிசையில் எனக்கு முன்னால் மாயவன். என்னிடம் படித்தவன், இப்போது லாரி ஓட்டுகிறான்.

"சார்... நீங்களுமா?" என்று கண் கலங்கினான்.

மானம் போனது. போண்டாவுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

பூசாரி என் கையைப் பிடித்தார். "குடிய வுட்டுர்றேன்னு சொல்லுங்க."

"குடிய..." என்று உற்சாகமாக ஆரம்பித்தேன்.

"சாமி, செத்த இருங்க" என்றாள் அன்பரசி. "இவரு குடிக்கவே இல்லீங்க. தெனமும் வூட்டுக்கு வந்தா போண்டா வாசனதான் அடிக்குது. எங்கக்கா தீர்த்தம்மாளுக்கும் இதே ஃபேட்டி லிவருதான். அவ என்ன சாராயமா குடிச்சா? எதனால வருதுன்னு டாக்டர் அப்பவே எங்களுக்கு வெவரமா சொல்லிட்டாரு."

என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. போண்டாவ வுட்டேன். பன்ன வுட்டேன். சக்கர டீய வுட்டேன். தெனமும் நடப்பேன்."

"ஏ அன்பு, வூட்டுல போயி பேசிக்கலாம்..."

"வூட்டுல என்னைய ஏமாத்திடுவீங்க. முனியப்பன ஏமாத்துவீங்களா?" சட்டென்று அவள் குரல் இறங்கியது. "எனக்கு நீங்க வேணுங்க."

அதைக் கேட்டபின் மறுக்க மனம் வரவில்லை. எதிரே முனியப்பன் வேறு அரிவாளோடு முறைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பூசாரி முடிச்சை இறுக்கினார்.

வெளியே வந்ததும் மாயவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் குடிய மட்டுந்தான் சார் வுட்டேன். நெனப்பு வந்தா ரெண்டு போண்டாவத் தின்னுட்டு மறந்துருவேன். பாவம், நீங்க என்ன சார் பண்ணுவீங்க?"