தொடர்பு வகுப்புக்குப் போன சருகுமான்

ஒரு காட்டில் இது நடந்ததாகச் சொல்கிறார்கள். சொல்கிறவனுக்கே பல வருடமாக இதில் நம்பிக்கை இல்லை. நம்பாமலே நாலைந்து இடத்தில் சொல்லியும் விட்டான். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது. ஆகவே இந்த முறை, நரி சொன்னதைச் சொன்னபடி.

அந்தக் காட்டில் வீரபாகு என்றொரு சருகுமான் இருந்தது. உடம்பு முயலைவிடக் கொஞ்சம் பெரிது. தைரியம் அதைவிடச் சிறிது. உப்புப்பாறையில் வரிசையில் நிற்கும் மிருகங்களுக்கு டோக்கன் கொடுப்பது அதன் உத்தியோகம். மீதி நேரமெல்லாம் சருகுக்குள் உட்கார்ந்து ஒரே ஒரு கதையை எழுதிக்கொண்டிருக்கும். அதன் அண்ணன் சிவனணைந்தான் ஒரு சாயங்காலம் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போய், பெயருக்கேற்பத் திரும்பி வராமல் போன கதை. பன்னிரண்டு வருடமாக எழுதியும் முடிவு மட்டும் பிடிபடவில்லை. அண்ணன் குளக்கரையில் குனிகிற வரை பேனா ஓடும். அப்புறம் நின்றுவிடும்.

முறையாகப் படித்தால் முடிவு வரும் என்று வீரபாகுவுக்குத் தோன்றியது. யானைகளின் பல்கலைக்கழகத்தில் முக்கால்வாசி நாள் வருகை கட்டாயம்; அங்கே எந்தக் கால் பக்கம் உட்காருவது என்பதே உயிர்ப் பிரச்சினை. ஆந்தையின் கல்லூரியில் வகுப்பெல்லாம் ராத்திரி. மறுநாள் டோக்கன் யார் கொடுப்பது? குரங்குகளின் இணைய வகுப்புக்கு மர உச்சியில்தான் சிக்னல். ஒரு வாரம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அப்போதுதான் நரியின் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பேனர் தொங்கியது. ‘வீட்டிலிருந்தபடியே எழுத்துக்கலையில் எம்.ஏ. நேரம் உங்கள் வசதி. வயது வரம்பு இல்லை.’

“வாங்க அண்ணாச்சி,” என்றது நரி. “உங்களுக்குன்னே ஆரம்பிச்ச படிப்பு.”

“துறைத்தலைவர் யாரு?”

“புலியார்.”

வீரபாகு முன்காலை அப்படியே வைத்துக்கொண்டு பின்காலை மட்டும் வாசலுக்கு வெளியே எடுத்தது.

“எங்க போறிய? இது தொலைதூரக் கல்வி. அவர் அங்க, நீங்க இங்க. நடுவுல ஏழு மலை. உங்கள மாதிரி ஆளுக பெரியவங்ககிட்டப் படிக்க இத விட்டா வேற வழி இருக்கா?”

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. வீரபாகு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தது. சான்றொப்பம் வேண்டும். பச்சை மையில் கையெழுத்துப் போட அந்தக் காட்டில் கிளிக்கு மட்டுமே அதிகாரம். கிளி மருத்துவ விடுப்பு.

“மையத்துக்குச் சீலும் இன்னும் வரல,” என்றது நரி. “மேல எழுதிக் கேட்டு மூணு வருசமாச்சு. நீங்களே குளம்ப மையில தொட்டு வையுங்க, போதும்.”

வீரபாகு வைத்தது. இரண்டு புளியங்கொட்டையைச் சேர்த்து வைத்தாற்போலச் சின்னதாக, துப்புரவாக விழுந்தது. நரி காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தது.

“என்ன ஒரு பதிவு அண்ணாச்சி,” என்றது. “கண்ணுக்குள்ளயே நிக்கி.”

முதல் ஒப்படைப்பாக வீரபாகு அண்ணன் கதையை அனுப்பியது. அண்ணன் புதரைத் தாண்டிக் குதித்துத் தப்பிப்பதாக முடித்திருந்தது. திரும்பி வந்த தாளில் சிவப்பு எழுத்து: ‘குளக்கரை வர்ணனை நன்று. தப்பிக்கவில்லை. திருத்துக.’ அந்தச் சிவப்பை வீரபாகு முகர்ந்து பார்த்தது. மைதான்.

இரண்டாம் முறை அண்ணன் எதிர்த்து நின்றது. ‘எதிர்க்கவில்லை.’ மூன்றாம் முறை அண்ணன் அலறியது. ‘அலறவும் இல்லை. மிகை தவிர்க்க.’

“அவருக்கு எப்படித் தெரியும்?” என்று நரியிடம் கேட்டது வீரபாகு.

“கள ஆய்வுல பெரிய ஆளு.”

நான்காம் முறை முடிவுப் பக்கத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பியது. அதற்குத்தான் அதிக மதிப்பெண். கீழே இப்படி இருந்தது: ‘உன் அண்ணன் கடைசியாக ஒரு வார்த்தை சொன்னான். நேரில் பேசலாம். தொடர்பு வகுப்பு, ஐந்து நாள். வருகை கட்டாயம்.’

வீரபாகு அந்தத் தாளை மூன்று நாள் சருகுக்கு அடியில் வைத்திருந்தது. நாலாம் நாள் டோக்கன் கட்டைப் பக்கத்து முள்ளம்பன்றியிடம் கொடுத்தது.

“தொலைதூரம்னு சொல்லித்தானே வே சேத்தான்?” என்றது முள்ளம்பன்றி.

“ஆமா.”

“அப்புறம் எந்தக் கிறுக்குல கிட்ட போறீரு?”

“முடிவு அங்கல்லா இருக்கு.”

“முடிவு அங்கதான் இருக்குன்னு எங்களுக்கும் தெரியும்,” என்றது முள்ளம்பன்றி.

வீரபாகு ஏழு மலையும் ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தது. இதுவரை சொன்னதை யாரும் மறுக்கவில்லை. இனி வருவது நரி சொன்னது மட்டும். முதல் நாள் வகுப்பிலேயே வீரபாகு கதையை வாசித்ததாம். புலியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அண்ணனின் கடைசி வார்த்தையைக் காதோடு சொன்னாராம். உடனே முடிவு எழுதப்பட்டு, முதல் வகுப்பில் தேறி, வீரபாகு அப்படியே வேறொரு காட்டுக் கல்லூரிக்கு விரிவுரையாளராகப் போய்விட்டதாம். அங்கிருந்து கடிதம் போட வசதி இல்லையாம்.

“என்ன வார்த்தை?” என்று கேட்டால், “அதெல்லாம் பாடத்திட்டத்துக்குள்ள வரும், வெளிய சொல்லக்கூடாது,” என்று நரி சிரிக்கும்.

போன மாதம் ஒரு நகலில் சான்றொப்பம் வாங்க, இதைச் சொல்கிறவன் நரியின் கடைக்குப் போனான். கிளி இன்னும் விடுப்பில்தான் இருந்தது. “அதனால என்ன?” என்று நரி மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்தது. சின்னக் கைப்பிடி, வழவழவென்று தேய்ந்தது. மைப்பெட்டியில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தியது. இரண்டு புளியங்கொட்டையைச் சேர்த்து வைத்தாற்போல விழுந்தது.

காகிதத்தை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்தவன் திரும்பி, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டான்.

“நரியாரே, உங்க மையத்துக்குச் சீல் எப்ப வந்துச்சு?”

நீதி: முடிவு வராத வரை எழுத்தாளனுக்கு ஆயுள் கெட்டி. முதல் வகுப்பு வேண்டுபவர் மட்டும் நேரில் வரவும்.