பொட்டு வைத்த நட்டுகள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, லண்டன் நோர்பரியில் அந்த வீட்டு வாசலில் நின்றவர்கள் மூன்று பேர்: வீட்டுக்காரர் சிவகடாட்சம், அவருடைய மனைவி கனகாம்பிகை, கனகாம்பிகையின் தங்கை மகள் விதுஷா. விதுஷாவுக்கு அடுத்த சனிக்கிழமை கலியாணம். பிறகு கதை கட்டியவர்களில் ஒருவர்கூட அன்று அங்கே இருக்கவில்லை. கனகாம்பிகையின் தம்பி இராஜேந்திரனும் இருக்கவில்லை. அவன் அங்கே இல்லாததுதான் சிவகடாட்சத்தின் சந்தேகத்தைக் கிளப்பியது.

"இஞ்சை வந்து பார்," என்றார் அவர், காரின் முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபடி. "பொட்டு திரும்பியிருக்கு."

"எந்தப் பொட்டு?" என்றாள் கனகாம்பிகை.

"நட்டிலை நீ வைச்ச பொட்டு. நேரை மேலை பாத்துக்கொண்டு இருந்தது. இப்ப பக்கத்து வீட்டைப் பாக்குது."

சில்லுக்கு ஐந்து நட்டு. நாலு சில்லுக்கும் இருபது. புது டயர் போட்டால் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்காமல், பொட்டு வைக்காமல் காரை எடுக்கக்கூடாது என்பது கனகாம்பிகையின் கட்சி. இருபது நட்டுக்கும் குங்குமம் வைத்தவள் அவள்தான். வைக்கிறதை எல்லாம் மேல்பக்கமாக வை என்று சொன்னவர் சிவகடாட்சம். யாராவது கை வைத்தால் தெரியவேண்டும் அல்லவா.

"ஆர் பெரியப்பா இதிலை கை வைக்கப் போகினம்?" என்றாள் விதுஷா. "பதினொரு வருஷப் பழைய கார்."

"கார் பழசு. டயர் புதுசு. சிலபேருக்கு அது பொறுக்காது."

சிலபேர் என்று பன்மையில் சொன்னாலும் அவர் மனத்தில் இருந்தது ஒருவன்தான்.

இராஜேந்திரன் ஐப்பசி மாதம் ஒரு ஜேர்மன் கார் வாங்கியிருந்தான். கறுப்பு. கதவு மெல்லச் சாத்தினாலே போதும், மிச்சத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். இருக்கை சூடாகும். "தம்பியின்ரை காரிலை இருந்தால் நாரி நோவுக்கு ஒத்தடம் குடுத்த மாதிரிக் கிடக்கு," என்று கனகாம்பிகை ஒரு கிழமை சொல்லிக்கொண்டு திரிந்தாள். சிவகடாட்சம் பொறாமைப்படவில்லை. அவர் பரம்பரையில் பொறாமைக்காரர் எவரும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் கிழமையே சுடுதண்ணீர்ப் பை ஒன்று வாங்கி வந்து மனைவி இருக்கும் பக்கத்து இருக்கையில் வைத்தார். அது ஒழுகியது. கனகாம்பிகை ஈரச் சேலையோடு வீட்டுக்கு வந்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். விதுஷாவை ஹரோவில் இருக்கும் கலியாண மண்டபத்துக்கு யார் ஏற்றிப்போவது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் ஜேர்மன் காரைத் திரும்பிப் பார்த்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அந்த வீட்டின் மூத்த மருமகன் அவர். இருபத்தாறு வருஷமாக அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவரையும் மணவறைக்குக் கூட்டிப்போனது அவருடைய கார். இராஜேந்திரன் தாய்மாமன்தான், இல்லையென்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஊரார் முன்னால் பின்காரில் வந்து இறங்குவதைவிடக் கலியாணத்துக்குப் போகாமல் இருக்கலாம்.

அப்போதுதான் தை மாதக் கடைசியில் பனி கொட்டும் என்ற செய்தி வந்தது. ஒஸ்லோவில் இருக்கும் சித்தப்பா மகன் போனில் சொன்னான்: "இஞ்சை விண்டர் டயர் மாத்தாமல் ஒருத்தரும் வெளிக்கிடாயினம், அண்ணை." லண்டனில் அப்படி யாரும் மாற்றுவதில்லை. இராஜேந்திரனும் மாற்றவில்லை. சிவகடாட்சத்துக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

டயர் மாற்றிய அன்றே விதுஷாவின் தாய்க்குப் போன் எடுத்தார். "பிள்ளையின்ரை உயிர் முக்கியமோ, சீற்றின்ரை சூடு முக்கியமோ? நீயே சொல்லு."

தாய் வேறென்ன சொல்வாள்? இடம் அவருக்கே கிடைத்தது.

டயர் மாற்றிக்கொடுத்த எட்வேட், கார்த் திறப்பைக் கையில் தரும்போது சொன்னான்: "அம்பது மைல் ஓடினாப்பிறகு ஒருக்காக் கொண்டு வாங்கோ, ஐயா. பாத்து விடுறன்."

"இருபத்திரண்டு வருஷம் பெற்றோல் ஸ்டேஷனிலை நிண்டனான், தம்பி. காரைப் பாக்க எனக்குத் தெரியும்."

எட்வேட் இராஜேந்திரனோடு கிரிக்கெட் ஆடுகிறவன். இரண்டாம் தரம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவர் அப்போதே முடிவெடுத்துவிட்டார்.

இப்போது பொட்டு திரும்பியிருந்தது. ஒன்றல்ல, சுற்றிப் பார்த்தபோது இருபதும். சிவகடாட்சம் பின்பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்தார். ஒவ்வொரு நட்டாகத் திருப்பி, பொட்டுகளை எல்லாம் பழையபடி நேர் மேலே கொண்டுவந்து நிறுத்தினார். முழங்கால் நொந்தது. மனம் ஆறியது.

திங்கட்கிழமை காரை ஓட்டியபோது ஸ்டியரிங் கைக்குள் நடுங்கியது. காற்றுக் குறைவு என்று தீர்மானித்துப் போய் காற்று அடித்தார். பனிக்கு நல்லதென்று கொஞ்சம் கூடவே அடித்தார். முன்பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. அதற்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தார். விளக்கு அணைந்தது. பிரச்சினை தீர்ந்தது.

சேலைக்கடைக்குப் போவதற்கு ஏறியிருந்த விதுஷா மேற்கூரையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, கார் துள்ளுது."

"துள்ளேல்லை, பிள்ளை. விண்டர் டயர் றோட்டைப் பிடிக்குது."

"பிடிச்சால் ஏன் என்ரை தலை முட்டுது?"

"நீ வளந்திட்டாய்."

செவ்வாய்க்கிழமை இராஜேந்திரன் ஒரு வாளி பயத்தம் பணியாரத்தோடு வந்தான். அக்காவிடம் வாளியைக் கொடுத்துவிட்டு, அத்தானுக்கு எதிரே இருந்தான்.

"கார் எப்பிடி ஓடுது, அத்தான்?"

"உன்ரையை விடத் திறமா."

"ஸ்டியரிங் ஏதும் ஆடுதே?"

சிவகடாட்சத்துக்குக் காதுக்குள் சூடேறியது. ஸ்டியரிங் ஆடுவது இவனுக்கு எப்படித் தெரியும்? "ஒண்டும் ஆடேல்லை. ஏன் கேக்கிறாய்?"

"சும்மாதான். எட்வேட்டிட்டை ஒருக்காக் காட்டுங்கோவன்."

"உன்ரை காருக்கு வருத்தம் எண்டால் நீ காட்டு."

"பனி கொட்டினால் என்ரை கார் பின்னாலை வரும், அத்தான். பயப்பிடாதேங்கோ, முந்தமாட்டன்," என்று சிரித்துவிட்டு இராஜேந்திரன் எழுந்தான்.

அவன் வெளியே போனதும் சிவகடாட்சம் மேல்மாடிக்கு ஏறித் திரைச்சேலைக்குப் பின்னால் நின்றார். இராஜேந்திரன் தன் காரின் பின்பெட்டியைத் திறந்தான். முழ நீளத்தில் ஒரு இரும்புப் பிடியை எடுத்தான். வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு அத்தானின் காருக்குப் பக்கத்தில் குந்தினான். ஒரு சில்லு. அடுத்த சில்லு. நாலையும் சுற்றி வந்து, கையைத் தட்டிவிட்டு, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் தன் காரில் ஏறிப்போனான்.

சிவகடாட்சம் கீழே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்னப்பா, பிறஷர் ஏறிட்டுதே?" என்றாள் கனகாம்பிகை.

"உன்ரை தம்பி பிள்ளையை ஏத்திற ஆசையிலை என்ன வேலை பாக்கிறான் எண்டு தெரியுமே?"

"என்ன வேலை?"

கலியாணத்துக்கு நாலு நாள் இருந்தது. சில்லுக்காகச் சண்டை பிடித்த குடும்பம் என்று ஊர் சொல்லக்கூடாது. "ஒண்டுமில்லை. தேத்தண்ணி போடு," என்றார். அவள் குசினிக்குள் போனதும் ஸ்பானரோடு வெளியே போனார். இருபது பொட்டும் இருபது திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் மேலே பார்க்க வைத்தார்.

வியாழக்கிழமை மழை பெய்து பொட்டுகளைக் கழுவிவிட்டது. ஆனால் நட்டுகளின் விளிம்பில் புதுக் கீறல்கள் மினுங்கின. மறுபடியும் வந்திருக்கிறான். பொட்டு நின்ற இடத்தை மனக்கண்ணால் பார்த்து, ஞாபகத்தை மட்டும் நம்பி, எல்லாவற்றையும் திருப்பி வைத்தார். ஞாபகசக்தியில் அவரை மிஞ்ச அந்தக் குடும்பத்தில் ஆள் இல்லை.

கலியாணத்தன்று சொல்லிவைத்தாற்போல் பனி கொட்டியது. முன்காரில் சிவகடாட்சம், பக்கத்தில் கனகாம்பிகை, பின்னால் முழு அலங்காரத்தில் விதுஷா. பின்காரில் இராஜேந்திரனும் தட்டங்களும். சிவகடாட்சம் கண்ணாடியில் பின்காரைப் பார்த்தார். அத்தனை அழகான கார், வாழைப்பழத்தை ஏற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு மனம் நிறைந்துபோயிற்று.

ஸ்ரெதம் தாண்டும்போது சத்தம் கேட்டது. கடக். கடக்.

"என்னப்பா அது?"

"பனியின்ரை சத்தம்."

"பனிக்குச் சத்தமே?"

பின்னாலிருந்து ஹோர்ன் கேட்டது. இராஜேந்திரன் விளக்கையும் அடித்துக் காட்டினான்.

"பாத்தியே? கடைசி நேரத்திலை முந்தப் பாக்கிறான்!" சிவகடாட்சம் காரைத் தெருவின் நடுவுக்குக் கொண்டுவந்தார். வாகனங்கள் நடைவேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்ததால் யாருக்கும் ஆபத்து வரவில்லை. சிவப்பு விளக்கில் நின்றார்கள். பச்சை விழுந்தது. கார் ஒரு முழம் நகர்ந்து, ஒரு பக்கம் சரிந்து, நின்றது.

"பெரியப்பா," என்றாள் விதுஷா யன்னலால் எட்டிப்பார்த்து, "எங்கட சில்லு தனியா வெளிக்கிடுது."

இராஜேந்திரன் ஓடி வந்தான். சிவகடாட்சம் பனிக்குள் இறங்கினார். ஒரு கிழமை அடக்கிவைத்தது தெருவில் வெடித்தது.

"செவ்வாய்க்கிழமை என்ரை கண்ணாலை கண்டனான்! நட்டிலை கை வைச்சது நீயோ, இல்லையோ? பிள்ளைக்கு முன்னாலை சொல்லு!"

இராஜேந்திரன் அத்தானைப் பார்த்தான். சரிந்து நின்ற சில்லைப் பார்த்தான். விதுஷாவின் தலையில் பனி விழுவதைப் பார்த்தான்.

"ஓம் அத்தான், நான்தான் வைச்சனான். முகூர்த்தம் போகுது. ஏறுங்கோ."

எல்லாரும் ஜேர்மன் காரில் ஏறி ஹரோவுக்குப் போனார்கள். இருக்கை உண்மையிலேயே சூடாகத்தான் இருந்தது. சிவகடாட்சம் முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்தே இருந்தார்.

தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்குவதற்குள் மண்டபம் முழுக்கக் கதை பரவிவிட்டது: தாய்மாமன் பொறாமையில் பெரியப்பாவின் சில்லைக் கழற்றிவிட்டாராம். சிவகடாட்சம் அதை யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, "அதை விடுங்கோ, கலியாண வீடு," என்று மட்டும் சொன்னார். பெருமூச்சோடு சொன்னார். அதுவே போதுமாக இருந்தது. மேசைக்கு மேசை ஆட்கள் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்கள். இராஜேந்திரன் பாயாசம் பரிமாறிக்கொண்டு திரிந்தான்.

தன் மேசைக்கு அவன் வந்தபோது சிவகடாட்சம் எழுந்து, நாலுபேர் பார்க்க அவன் தோளில் கையை வைத்தார்.

"கழட்டினதைக் கழட்டிப்போட்டாய். நான் மனசிலை வைச்சிருக்கேல்லை. குடும்பம் எண்டால் பெரியவன்தான் பொறுத்துப்போக வேணும்."

"சரி அத்தான். இன்னும் கொஞ்சம் விடட்டே?" என்று அவர் கிண்ணத்தை நிரப்பிவிட்டு இராஜேந்திரன் அடுத்த மேசைக்குப் போனான்.

எதிரே இருந்த டொலறஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். எட்வேட்டின் மனைவி அவள். டயர்க் கடையில் கணக்குப் பார்க்கிறவள்.

"ஆர் ஐயா உங்களுக்குக் கழட்டினது எண்டு சொன்னது? சில்லைக் கழட்டிப் பூட்டினால் அம்பது மைலுக்குப் பிறகு நட்டை இன்னொருக்கா இறுக்க வேணும். நீங்கள் வரேல்லை எண்டு, எங்கட கடைப் பெரிய ஸ்பானரை வாங்கிக்கொண்டு வந்து இராஜேந்திரன் மூண்டு தரம் இறுக்கினவர். மூண்டு தரமும் ஆரோ வந்து அதைத் திருப்பி இளக்கி விட்டிருக்கு. உங்கட றோட்டிலை உங்களிலை சரியான எரிச்சல் பிடிச்ச ஒருத்தன் இருக்கிறான், ஐயா, ஆளைக் கண்டுபிடியுங்கோ."