லோகா ஏரியில் விரால் இல்லை என்று ஒரு மறுப்பு

பசுந்தாங், ரங்கூன்
1926 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை

ம-ரா-ரா-ஸ்ரீ பத்திராதிபர் குழந்தைவேலுப் பிள்ளை அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் பத்திரிகையில் முப்பத்தோரு வருஷம் நிருபராக இருந்து சென்ற சித்திரையில் ஓய்வு பெற்ற நல்லையா அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தைலம்மாளும் சுகம். தாங்களும், தங்கள் வீட்டாரும், புதிதாக வந்து இறங்கியிருக்கும் அச்சு யந்திரமும் சுகமாக இருக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன்.

இந்த முப்பத்தோரு வருஷத்தில் நான் எழுதிய செய்தி எதற்கும் மறுப்பு வெளியாக நேர்ந்ததில்லை என்பது தங்களுக்குத் தெரியும். கப்பல் தரைதட்டினால் எத்தனை மணிக்குத் தட்டிற்று என்று எழுதினேன். கிடங்கு தீப்பிடித்தால் எரிந்த மூட்டைகளை எண்ணிவிட்டுத்தான் எழுதினேன். இப்போது ஒரு மறுப்பு வெளியிடும்படி நானே கேட்டுக்கொள்கிறேன். அதைவிடச் சங்கடமான சங்கதி என்னவென்றால், சென்ற சனிக்கிழமை வெளியான என் தூண்டில் கட்டுரையில் இருப்பது அத்தனையும் உண்மை. நான் வெளியிடச் சொல்லும் மறுப்புத்தான் பொய். எனக்குத் தூண்டில் கற்றுக்கொடுத்த போட்டாதாங் தஸ்தகீர் பாய் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் மறுபடி பேச வேண்டும். வேறு காரணம் ஒன்றுமில்லை. ஆனால் காரணம் மட்டும் சொன்னால் தாங்கள் பொய்யை அச்சிட மாட்டீர்கள் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்லுகிறேன்.

சென்ற ஆகஸ்டு மாதம் தாங்கள் என்னைக் கூப்பிட்டு, காலராவும் வெள்ளமும் படித்துப் படித்து வாசகர்கள் வாடிப்போய்விட்டார்கள், சனிக்கிழமைப் பக்கத்துக்குக் கொஞ்சம் உற்சாகமாக ஏதாவது வேண்டும் என்று சொல்லி, கப்பல்காரர் யாரோ விட்டுப்போன ஓர் அமெரிக்கப் பத்திரிகையைக் கையில் கொடுத்தீர்கள். அதில் அணைகட்டித் தேக்கிய ஏரிகளில் பாஸ் என்னும் மீனைத் தூண்டிலில் பிடிப்பது எப்படி என்றும், ஓரளவு பழகியவர்கள் மேலும் தேறுவது எப்படி என்றும் ஒன்பது பக்கம் எழுதியிருந்தது. மொழிபெயர்த்தால் போதும் என்றீர்கள். பாஸ் என்ற மீனை நான் பார்த்ததில்லை. பார்க்காததை எழுதிப் பழக்கமில்லை. மூழ்கிய மரங்களின் நிழலில் பதுங்கியிருக்கும், நீர்மேல் போகும் தவளையைப் பாய்ந்து கவ்வும், கோபக்காரன் என்று அந்த அமெரிக்கர் எழுதியிருந்ததைப் பார்த்தால் குணத்தில் அது நம் விராலுக்குப் பங்காளி போலிருந்தது. அணைகட்டித் தேக்கிய ஏரி என்றால் ரங்கூனுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் லோகா ஏரி இருக்கிறது. ஆகையால் விசாரித்தேன். லோகாவில் ஞாயிறுதோறும் அனுமதிச் சீட்டோடு தூண்டில் போடுகிறவர் போட்டாதாங்கில் ஒருவர் இருக்கிறார், ஆற்று லாஞ்சில் மாலுமிகளுக்குத் தலைவரான சாரங்காக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் தஸ்தகீர் என்றார்கள். போய்ப் பார்த்தேன். அமெரிக்கர் எழுதியதை வாய்விட்டு மொழிபெயர்த்துச் சொன்னேன். மரத்தில் செய்து சாயம் பூசிய பொய்மீனை இரையாகக் கட்டுவார்களாம் என்றபோது அவர், "நெசத் தவளைக்கே நம்மூரு விராலு யோசிக்குதுண்ணே, மரக்கட்டைக்கு வாயத் தெறக்குமா? நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க, காட்டுறேன்" என்றார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை போனேன். முதல் ஞாயிறு தூண்டில் முள் என் குடையைப் பிடித்தது. இரண்டாம் ஞாயிறு என் காதைப் பிடித்தது. மூன்றாம் ஞாயிறு தவளைகளைக் கொண்டுவரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார். பதினோரு வயல் தவளைகளை மண்சட்டியில் போட்டுத் துணி கட்டி ரெயிலில் வைத்திருந்தேன். கம்மாயுட் நிலையம் தாண்டியதும் துணி அவிழ்ந்து, எதிரே பௌத்த மடத்துக்கு அன்னதானம் கொண்டுபோய்க்கொண்டிருந்த ஒரு பர்மிய அம்மாள் மடியில் ஒரு தவளை உட்கார்ந்தது. "அமே!" என்று அலறினார். பிறகு தவளையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், என் தூண்டில் கோலைப் பார்த்தார். இன்சீன் நிலையத்தில் வண்டி நான்கு நிமிஷம் நிற்கும். அந்த நான்கு நிமிஷத்தில் அவர் என்னை இறக்கி, சட்டியோடு பக்கத்துக் குட்டைக்கு அழைத்துப் போய், ஒவ்வொரு தவளையாக என் கையாலேயே விடச் செய்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று தரம் "தாது, தாது, தாது" என்று பர்மியர் நற்செயலுக்குச் சொல்லும் வாழ்த்தைச் சொல்லிப் புண்ணியத்தை எனக்குச் சேர்த்து வைத்தார். தப்பி ஓடிய தவளை ஒன்று, விடுவித்தவை பத்து. வண்டிக்குள் திரும்பியதும் தஸ்தகீர் பாய் காலிச் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "தவளையும் போச்சு, புண்ணியம் பூரா உங்களுக்குப் போச்சு. எனக்கு என்னண்ணே மிச்சம், சட்டியா?" என்றார். அன்று முழுவதும் இரையில்லாமல் கரையில் உட்கார்ந்து அவர் எனக்கு விராலைப் பற்றிச் சொன்னார். நான் கற்றதில் பாதி அன்று கற்றது. தூண்டில் பழகுகிறவர்கள் வாரத்தில் ஒருநாள் இரையை மறந்துவிட்டுப் போவது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். கட்டுரையில் அதை எழுத விட்டுப்போயிற்று.

அவர் சொன்னவை இவை. விரால் மூச்சுவிட மேலே வரும். வந்த இடத்தில் தவளையைப் போடாதே, அது போகும் திசையில் இரண்டு முழம் தள்ளிப் போடு. உன் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. சிவப்புக் குஞ்சுகள் கொத்தாக மேலே மிதந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும்; அதற்குத் தூண்டில் போடுகிறவன் எந்த மதத்திலும் சேர்த்தி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தவளையைக் கவ்வியதும் இழுக்காதே. உடனே இழுத்தால் தவளைதான் கைக்கு வரும். அது திருப்பி விழுங்கும்வரை பொறு. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "நான் ஒரு தரம் கலிமா சொல்லி முடிப்பேன். நீங்க உங்க சாமிய கூப்பிடுங்க" என்றார். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அவர் கலிமா ஏழு விநாடி.

நவம்பர் 14ஆம் தேதி காலை ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்கு முருகனை ஏழு தரம் கூப்பிட்டு இழுத்தேன். கோல் வளைந்தது, நான் வளைந்தேன், பாய் என் வேட்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு "விடாதீங்க, விடாதீங்க, வேட்டி போனாலும் போவட்டும்" என்று கத்தினார். லோகா நிலையத்துப் பார்சல் தராசில் நிறுத்தோம். ஒன்றேமுக்கால் வீசை. அங்கிருந்த தெலுங்குக் குமாஸ்தாவிடம் எடையை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்குப் பொழுது போகவில்லை என்று தைலம்மாள் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

வண்டியில் திரும்பும்போது பாய் என் முழங்காலைத் தட்டி, "இந்தச் சங்கதி நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்ண்ணே" என்றார். இங்கேதான் நான் பிசகினேன். நம் தொழிலில் ஒருவர் இப்படிச் சொன்னால் அர்த்தம் என்ன? என் பெயரைப் போட்டுவிடாதே என்பதுதான். சுங்கச்சாவடியில் சொன்னாலும் கிடங்கில் சொன்னாலும் முப்பத்தோரு வருஷமாக அதுதான் அர்த்தம். ஆகவே அவர் பெயரைக் கட்டுரையில் ஓரிடத்திலும் வராமல் பத்திரமாகக் காப்பாற்றினேன். மற்றதெல்லாம் எழுதினேன். ஐந்து மணி பத்து நிமிஷ வண்டி, லோகா நிலையத்திலிருந்து அணைக்கரைமேல் வடக்கே இருபத்திரண்டு நிமிஷ நடை, தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்களில் மூன்றாவது, அதற்கு நேரே கரையில் யானை முதுகுபோல ஒரு கல், ஏழு விநாடி. தாங்களும் படித்துவிட்டு, மிகவும் திட்டமாக இருக்கிறது என்று பாராட்டி ஆள் அனுப்பினீர்கள்.

கட்டுரை வெளியான மறுநாள் ஞாயிறு லோகா நிலையத்தில் எங்களோடு நாற்பத்து மூன்று பேர் இறங்கினார்கள். போட்டாதாங் கிடங்குக் குமாஸ்தாக்கள், அரிசி ஆலை ஆட்கள், தாகேதாவிலிருந்து ஒரு குடும்பமே சோற்று மூட்டையோடு. எல்லார் கையிலும் மூங்கில் கோல். ஏழெட்டுப் பேர் கையில் நம் பத்திரிகை. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் நடந்துகொண்டே படித்துச் சொன்னார்கள். இருபத்திரண்டு நிமிஷம் ஆனதும் எல்லாரும் ஒரே சமயத்தில் நின்றார்கள். ஒருவர் மட்டும் வேகமாக நடந்துவிட்டபடியால் பதினெட்டு நிமிஷத்திலேயே வந்துவிட்டார்; அவர் மேலும் நாலு நிமிஷம் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்து, "பேப்பர்ல போட்டிருக்கறது தப்பு" என்றார். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது மரம் என்று ஒரு தகராறு. நான் யானைக்கல்மேல் நின்றேன். ஓர் ஆள் வந்து, "பெரியவரே, கொஞ்சம் எறங்குங்க. இந்தக் கல்லுல நின்னுதான் புடிக்கணும்னு போட்டிருக்கு" என்றார். அதை எழுதியவன் நான்தான் என்றேன். "யாரு எழுதுனா என்ன, வந்தவங்களுக்கு எடம் விடணுமில்ல?" என்றார். இறங்கிவிட்டேன்.

எவனோ ஒருவன் தக்கை அசைந்தது என்றான். அவ்வளவுதான், கரை நெடுக "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண ஆரம்பித்தார்கள். தமிழில் எண்ணினார்கள், தெலுங்கில் எண்ணினார்கள், பர்மியரில் இருவர் வேடிக்கை பார்க்க நின்றவர்கள், அவர்களும் எண்ணினார்கள். ஏழு என்றதும் நாற்பத்து மூன்று கோலும் ஒரேயடியாக மேலே எழும்பி, நூல்களெல்லாம் ஒன்றோடொன்று சிக்கி, அந்தச் சிக்கின் நடுவில் மூன்று தவளைகள் ஊஞ்சலாடின. தஸ்தகீர் பாய் தன் நூலை நிதானமாகச் சுற்றினார். என்னைப் பார்த்தார். நிலையத்துக்கு நடந்தார். திரும்பும் வண்டியில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

நேற்று போட்டாதாங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஹமீதுன்னிசா வாசலுக்கு வந்து, "அவுக வீட்ல இல்லேன்னு சொல்லச் சொன்னாக" என்றார். உள்ளே இருமல் கேட்டது. அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, "எடத்த எழுதுனதுகூடப் பரவாயில்லையாம். இருவது வருசம் பார்த்துவச்ச எடத்தக் கொடுத்தவன் பேரு ஒரு மூலையிலகூட இல்லையேன்னு ராத்திரி பூரா பொரண்டுகிட்டே இருந்தாக. பேரைப் போட்டுட்டு எடத்த விட்டிருக்கலாமே அண்ணே, நீங்க தலைகீழால்ல செஞ்சிட்டீக" என்றார். உள்ளேயிருந்து, "ஆளில்லாத வீட்டுல யாரோட பேச்சு?" என்று பாய் குரல் வந்தது.

பெயர் விஷயத்தை என்னால் சரிசெய்ய முடியுமோ தெரியவில்லை. இடத்தையாவது மீட்டுக் கொடுக்க வேண்டும். ஆகவே வரும் சனிக்கிழமை கீழ்க்கண்டதை வெளியிடும்படி மன்றாடுகிறேன்: "லோகா ஏரியில் மூன்றாவது பட்டமரத்தருகே விரால் அகப்படுவதாகச் சென்ற இதழில் வந்தது தவறு. அங்கே விரால் இல்லை. கட்டுரையாளர் வேறு எங்கோ பிடித்ததை ஞாபகப் பிசகால் அவ்வாறு எழுதிவிட்டார். வாசகர்கள் மன்னிக்க." ஞாபகப் பிசகு என்று என்னைப் பற்றி அச்சில் வருவதை ஏற்றுக்கொள்கிறேன். வயது அறுபத்திரண்டு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தங்கள் பத்திரிகை வாரத்துக்கு வாரம் பெருகி, தங்கள் புதல்வர்கள் தீர்க்காயுசாய் விளங்கி, அச்சுக்கூடத்தில் எல்லாருக்கும் எல்லா நலமும் உண்டாவதாக. தைலம்மாள் தங்கள் வீட்டம்மாளை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
நல்லையா

பின்குறிப்பு, புதன்கிழமை பகல்: மேலே கேட்ட மறுப்பைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடப் போகும் வழியில் பசுந்தாங் சந்தையில் கிடங்குக் குமாஸ்தா செல்லையா என்னை மறித்து, பத்துப் பேர் நடுவில், "ஏன்யா பெரியவரே, நாப்பத்து மூணு பேரு போனோமே, ஒரு கொத்து உண்டா? அந்த ஏரியில மீனே கெடையாதய்யா. முப்பது வருசமா நீர் பேப்பர்ல எழுதுனதெல்லாம் இந்த லட்சணம்தானா?" என்று கேட்டார். ஒன்றேமுக்கால் வீசைக்குக் கையெழுத்துப் போட்ட சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. கை அதற்குப் போய்விட்டது. அப்போது வெற்றிலைக் கடையருகே தஸ்தகீர் பாய் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். கையை வெளியே எடுத்தேன். "கொஞ்சம் கூட்டித்தான் எழுதிட்டேன் தம்பி" என்றேன். சந்தையே சிரித்தது. இனி அந்த மரத்துக்கு யாரும் போக மாட்டார்கள். இந்த நிலையில் மறுப்பு ஒன்று வெளிவந்தால், எதற்காக இவ்வளவு சிரமப்பட்டு மறுக்கிறான், மீன் இருக்கத்தான் இருக்கிறது என்று அத்தனை பேரும் அடுத்த வண்டியில் ஏறிவிடுவார்கள்.

கூட்டம் கலைந்ததும் பாய் வந்து ஒரு வெற்றிலையை நீட்டினார். பிறகு, "இந்த ஞாயித்துக்கிழமை தவளைய நான் கொண்டாறேன், நீங்க தொடவேண்டாம்" என்றார். ஆகவே மறுப்புக்குப் பதிலாக இந்தத் திருத்தத்தை மட்டும் போடுங்கள், இது உண்மை: "சென்ற வாரத் தூண்டில் கட்டுரையில் சொன்ன வித்தைகளைக் கட்டுரையாளருக்குக் கற்றுக்கொடுத்தவர் போட்டாதாங் தஸ்தகீர் சாரங்கு. அவர் பெயர் விடுபட்டதற்கு வருந்துகிறோம்." கட்டுரையே பொய் என்று ஊர் சொல்லும்போது இப்போது பெயரைப் போட்டால் அவரையும் அல்லவா பொய்யர் என்பார்கள் என்று நான் அவரிடம் கேட்டுவிட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "சொல்லிட்டுப் போவட்டும்ண்ணே. பேரு பெரிய எழுத்துல வருமா?" என்றார்.