விவாத மேடைக்கு வந்த தண்டவாளம்

கூச்சம் உள்ளவனுக்குக் கடவுள் ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறார். அவன் வாயைத் திறப்பதில்லை என்பதால், எல்லோரும் அவனைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு இந்த வசதி இருபத்தைந்து வயது வரைக்கும் தடையில்லாமல் கிடைத்தது. எல்கடுவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அது போயே போய்விட்டது.

அப்போது நான் கொழும்பில் சர்வகலாசாலையில் பியூன். (ஐந்தாம் வகுப்போடு நின்றவன் சர்வகலாசாலைக்குள் போக வேறு வழி ஏது?) மாணவர் சங்கங்களின் வேலையெல்லாம் என் தலையில்தான். நாடகம் என்றால் திரை கட்டுவேன். பாட்டுக் கச்சேரி என்றால் ஜமுக்காளம் விரிப்பேன். விவாதக் கூட்டம் என்றால் மேசையோரம் உட்கார்ந்து மணி அடிப்பேன். நேரம் முடிந்தும் பேசுகிறவர் உட்காராவிட்டால், அவர் உட்காரும் வரைக்கும் விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே அதுதான் சட்டம். நான் வாயைத் திறக்காமலே அடுத்தவர் வாயை மூட வைக்கிற அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த வருஷம் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர் ராமநாதன். மாத்தளை டவுனில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். ஒரு விவாதத்தைத் தேயிலைத் தோட்டத்தில் போய் நடத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"முத்தையா, உனக்குத் தெரிஞ்ச தோட்டம் இருக்கா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். சங்கத்தின் மேல் உள்ள பற்றினால் அல்ல. எல்கடுவையில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) என்னுடைய ஒன்றுவிட்ட மாமா செல்லையா காவல்காரராக இருந்தார். அவர் மகள் வள்ளியம்மையை எனக்குக் கட்டிவைக்க அம்மா பெண் கேட்டுப் போயிருந்தார். மாமா சொன்ன பதில் லயம் (தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள்) முழுக்கப் பரவி, பக்கத்து ஊர் ரத்தோட்டையைச் சுற்றிக்கொண்டு என் காதுக்கும் வந்து சேர்ந்தது.

"பையன் நல்லவன்தான்க்கா. ஆனா ஊமையோட குடும்பம் நடத்த எம்புள்ளைக்கு ஜாடை தெரியாதே. நாலு பேரு முன்னால நின்னு அவன் ஒரு வார்த்தை பேசட்டும். அன்னைக்கே வெத்தல பாக்கு மாத்திக்குவோம்."

பேச வேண்டாம், மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் மணியோடு உட்கார்ந்திருந்தாலே போதும், மாமா மனம் மாறிவிடும் என்று கணக்குப் போட்டேன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு எல்கடுவைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஸ்டோரில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர்தான் தலைவர். ஸ்டோருக்கு எதிரே உள்ள பெரட்டுக்களத்தில், காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற அதே இடத்தில், மேடை. மேடைக்குப் பின்னால் விறகடுப்பில், வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு பெரிய கிடாரம் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. விவாதத் தலைப்பு: 'தேநீர் உடம்புக்கு நல்லதா, கெட்டதா?' (தேயிலைத் தோட்டத்தில், டீமேக்கரைத் தலைவராக வைத்துக்கொண்டு! படித்தவர்களுக்குத்தான் இந்தத் தைரியம் வரும்.)

சாமான்களைப் பிரித்தேன். ஜமுக்காளம் இருந்தது. மாலை இருந்தது. சோடா இருந்தது. மணி கொழும்பில் மேசை மேல் இருந்தது.

"மணி எங்கப்பா?" என்றார் ராமநாதன்.

நான் வானத்தைப் பார்த்தேன்.

"மேல பாக்காத முத்தையா, அது அங்க இல்ல!"

ஸ்டோர் வாசலுக்கு ஓடினேன். அங்கே ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். தோட்டத்துக்கே அதுதான் மணி. அதன் பக்கத்தில் மாமா நின்றிருந்தார்.

"மாமா… அது…"

"எது?"

"அது வேணும்."

"எதுக்கு?"

"கூட்டத்துக்கு."

"வெளியாளு கையில அதக் குடுக்கக் கூடாதுன்னு தொரை உத்தரவு."

தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் வாளி பிடித்துக்கொண்டிருந்த வள்ளியம்மை திரும்பிப் பார்த்தாள்.

"குடுத்தனுப்புங்கப்பா. இல்லாட்டி பொழுது சாயுற வரைக்கும் இப்படியேதான் நிப்பாரு."

மாமா கழற்றிக் கொடுத்தார். "பாத்து அடி" என்றார். எதைப் பார்த்து, எப்படி அடிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. கேட்கக் கூச்சம்.

தண்டவாளத்தை மேடைக் கம்பத்தில் தொங்கவிட்டேன். முதலில் பேசியவர் தேநீரைப் புகழ்ந்தார். டீமேக்கர் தானே காய்ச்சியது போலப் பூரித்தார். நேரம் முடிந்ததும் ஒரு அடி அடித்தேன். 'ணங்!' கூட்டம் முழுக்கத் திடுக்கிட்டு எழுந்து, இன்று ஞாயிறு, வேலையில்லை என்று நினைவு வந்து மறுபடி உட்கார்ந்தது.

அடுத்தவர் குணநாயகம். தேநீர் பசியைக் கெடுக்கும், பல்லைக் கெடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும் என்றார்.

"நெசந்தான் தம்பி!" என்று ஒரு அம்மா குரல் கொடுத்தார். "விடியுமுன்னே எந்திரிச்சு மலைக்குப் போறோமே, எங்க தூக்கமெல்லாம் இதாலதான் கெட்டுச்சு!"

பெரட்டுக்களமே சிரித்தது. அந்தச் சிரிப்பு குணநாயகத்தின் தலைக்கேறிவிட்டது. நேரம் முடிந்தது. அடித்தேன். "இறுதியாக" என்றார். அடித்தேன். ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, "இறுதிக்கும் இறுதியாக" என்றார். சட்டம் சட்டம்தான். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, விடாமல் அடிக்கத் தொடங்கினேன்.

கண்ணைத் திறந்தபோது கூட்டத்தைக் காணோம்.

அந்தத் தோட்டத்தில் ஒற்றை அடி என்றால் வேலை. விடாமல் அடித்தால் ஸ்டோரில் நெருப்பு. தொட்டில் பிள்ளைக்கும் அது தெரியும், எனக்குத் தெரியாது. "ஸ்டோரு பத்திக்கிச்சு!" என்று லயம் முழுக்க வாளியும் தகர டின்னுமாக ஓடியது. (மணியைக் கொடுத்த மாமாவே முதல் ஆளாக ஓடினார்.) அது யுத்த காலம். ஒரு பெரியவர் "ஜப்பான்காரன் வந்துட்டான்!" என்று தலைவர் மேசைக்கடியில் புகுந்தார், மிச்சமிருந்த சோடாவோடு.

ஸ்டோரில் புகை இல்லை. மேடைக்குப் பின்னால் இருந்தது. "அது தேத்தண்ணிடா! தேத்தண்ணி!" என்று கத்திக்கொண்டு டீமேக்கர் குறுக்கே பாய்ந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அத்தனை வாளியும் கவிழ்ந்தன. அடுப்பு அணைந்தது, கிடாரம் சாய்ந்தது. டீமேக்கரின் மூக்குக்கண்ணாடியில் தேயிலைத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேடையில் குணநாயகம் மட்டும் நின்றிருந்தார். "தேநீர் எவ்வளவு ஆபத்தானது என்பதை இப்போது நேரிலேயே கண்டீர்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நானும் அடிப்பதை நிறுத்தினேன்.

அப்போது தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையே வந்தார். பாதி முகத்தில் சவரத்துக்குப் போட்ட சவர்க்கார நுரை, தோளில் துவாய். "யார் மணி அடிச்சான்?" என்று கேட்டுக்கொண்டே மாமாவைப் பார்த்தார். மணி மாமாவின் பொறுப்பு. பொய் மணி அடித்தால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். மாமா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வள்ளியம்மை, கையில் வெறும் வாளி.

என் கால்கள் என்னைக் கேட்காமலே முன்னால் போயின.

"நான்" என்றேன்.

"வாட்?"

"டைம் ஓவர், சேர்." தினமும் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு மனதில் நின்ற இங்கிலீஷ் அவ்வளவுதான். பிறகு தமிழில் கொட்டினேன். "அவருக்கு டைம் முடிஞ்சும் உக்காரல சேர். அதான் விடாம அடிச்சேன். மாமா மேல ஒரு தப்பும் இல்ல சேர்."

என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அது. தொரை மாமா பக்கம் திரும்பினார். "வெளி ஆளுக்கு மணி குடுத்தியா?"

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். மகளைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"வெளியாளு இல்லீங்க தொரை. இவரு எங்க மருமகப்புள்ள."

தொரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் கண்ணில் டீமேக்கர் பட்டுவிட்டார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் எல்லா வாளியையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும் என்பது தண்டனை. சர்வகலாசாலை வரிசையாகப் பீலிக்குப் போனது.

"பேசிக்கிட்டே தூக்குங்க, பாரம் தெரியாது" என்று வள்ளியம்மை குணநாயகத்திடம் சொன்னாள்.

சொன்ன சொல்லுக்கு மாமா அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றினார். ஆனால் இன்றைக்கும் வீட்டில் நாலு பேர் கூடினால், "வேலையக் காப்பாத்த வேற வழி தெரியல, பொண்ணக் குடுத்துட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பார். வள்ளியம்மை விடுவதில்லை.

"மணி இவரு கையில இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நாந்தானே குடுக்கச் சொன்னேன். நெருப்பும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுதான் வாளியத் தூக்கிட்டு ஓடினேன். கிட்டப் போய் ஒருக்கா இவரு மொகத்தைப் பாத்துக்கலாமேன்னுதான்."

இதற்கு நான் ஏதாவது பதில் சொல்ல வாயெடுத்தால், பிள்ளைகள் கரண்டியை எடுத்துத் தட்டில் விடாமல் அடிக்கிறார்கள். நான் குணநாயகம் இல்லை. உடனே உட்கார்ந்துவிடுகிறேன்.